ஆய்வில் வென்ற செயலி ஆத்தங்குடிக்கு எப்படி வரும்?

கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியால் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வராமல் தடுக்க முடியுமா? சிரித்துவிட்டுக் கடந்துபோகிற கேள்விதான். சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சிரிக்கவில்லை, சோதித்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தும் நோய் என்று சொல்லும் அளவை இன்னும் எட்டாத 537 ஆண்களைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றி ஆலோசனை கிடைத்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மட்டும் அதன்பின் இரண்டு ஆண்டுகள் குறுஞ்செய்திகள் போய்க்கொண்டே இருந்தன. 2013-ல் வெளியான முடிவு இது: செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான்.

மாத்திரை இல்லை, ஊசி இல்லை, செலவும் சொற்பம். அப்படியானால் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருக்கிற எல்லாக் கைபேசிகளுக்கும் நாளைக்கே அனுப்பிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அனுப்பும் முன் அந்த 537 பேர் யார் என்று பார்க்க வேண்டும். 35 முதல் 55 வயதுக்குள் இருந்தவர்கள். வேலைக்குப் போகிறவர்கள். கைபேசி வைத்திருந்து, வந்த செய்தியைத் தாங்களே படிக்கக் கூடியவர்கள். இரத்தப் பரிசோதனை செய்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பள்ளத்தூரில் பெரிய வீட்டில் ஒற்றையாக இருக்கும் எழுபது வயது ஆச்சி அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் தொழிலாளியின் மனைவியும் இல்லை.

2016-ல் மத்திய அரசு, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, சர்க்கரை நோய் பற்றிய குறுஞ்செய்தித் திட்டம் ஒன்றை நாடு முழுவதற்கும் தொடங்கியது. மிஸ்டு கால் கொடுத்தால் போதும், செய்திகள் வரத் தொடங்கும். நல்ல முயற்சிதான். ஆனால் ஆய்வில் இருந்த இரத்தப் பரிசோதனையும் முதல் நாள் ஆலோசனையும் மிஸ்டு காலோடு சேர்ந்து வருவதில்லை. குறுஞ்செய்தி அதேதான், அதைச் சுற்றி இருந்தவை வேறு. அதனால் 27-க்கும் 18-க்கும் இடையிலான அந்த ஒன்பது புள்ளி லாபம் இங்கேயும் கிடைக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. கைபேசி, கணினி, இணையம் ஆகியவற்றைக் கொண்டு நோயைக் கண்டுபிடிப்பது, மருத்துவரோடு பேசுவது, மருந்தை நினைவூட்டுவது, பதிவேடு வைப்பது எல்லாவற்றையும் சேர்த்து டிஜிட்டல் சுகாதாரம் என்கிறார்கள். அதில் ஒன்று நல்லது என்று ஆய்வில் தெரிந்த பிறகு, அது துணை சுகாதார நிலையத்தின் அன்றாட வேலையாகவும், பிறகு அரசின் கொள்கையாகவும் மாறுவது எப்படி என்று படிப்பதற்கே தனித் துறை இருக்கிறது. செயலாக்க ஆய்வு என்று அதைச் சொல்லலாம். மருத்துவ ஆய்வு கேட்பது ‘இது பலன் தருமா?’ என்று. செயலாக்க ஆய்வு கேட்பதெல்லாம் சில்லறைக் கேள்விகள்: யார் செய்வார்? எந்த நேரத்தில்? அதற்காக எந்த வேலையை விடுவார்? பணம் எந்தத் தலைப்பில் வரும்? ஆய்வுக் குழு மூட்டை கட்டிப் போன பிறகும் நடக்குமா?

ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது காரைக்குடிக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் வேலை பார்த்த உறவினரோ பக்கத்து வீட்டுக்காரரோ இல்லாதவர்கள் இந்த ஊரில் குறைவு. அவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மருத்துவத்தில் அந்தத் தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் வெளியான பேலஸ், போரன் என்ற ஆய்வாளர்கள் இருவரின் மதிப்பீட்டின்படி, ஆய்வுகளில் 14 சதவீதம் மட்டுமே நோயாளியின் பயனுக்கு வந்து சேர்கிறது. அதற்கும் 17 ஆண்டுகள் ஆகின்றன. அதே 2000-ல்தான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்ற கிராமத்தில் தொலைமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. தொலைமருத்துவத்துக்கு எழுத்துப்பூர்வமான நடைமுறை விதிகளை மத்திய அரசு வெளியிட்டது 2020 மார்ச் 25-ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கிய அன்று. இருபது ஆண்டுகள் காத்திருந்த தாள், கொரோனா வந்து கதவைத் தட்டியதும் வெளியே வந்தது. தொலைவிலிருந்து எந்த மருந்தை எழுதலாம், எதை எழுதக்கூடாது, நோயாளியின் சம்மதத்தை எப்படிப் பெறுவது என்பதெல்லாம் அதில்தான் தெளிவாயிற்று. அதுவரை தயங்கிய மருத்துவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

இருட்டு அறை கிடைக்காத கண் பரிசோதனை

கொஞ்சம் வெளியூர்க் கதை. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதை, கண்ணின் உட்புறப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை கூகுள் உருவாக்கியது. 2016-ல் வெளியான அதன் முதல் பெரிய ஆய்வு, தேர்ந்த கண் மருத்துவர்களுக்கு நிகரான துல்லியத்தைக் காட்டியது. அந்தக் கருவி கற்றுக்கொண்ட படங்களில் நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கொடுத்தவையும் உண்டு. சிவகங்கைச் சீமையிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கண் காட்டியவர்கள் யாராவதும் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம், தெரியாமலே.

பிறகு தாய்லாந்தில் 11 சிகிச்சை மையங்களில் அதை அன்றாட வேலையில் வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் வெளியான அறிக்கையைப் படித்தால், கருவியின் மூளையில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு அறையில் இருந்தது. விழித்திரையை நன்றாகப் படமெடுக்க இருட்டு வேண்டும். பல மையங்களில் அப்படி ஒரு அறையை ஒதுக்க முடியவில்லை. கருவியோ கறாரானது, தெளிவில்லாத படத்தை மதிப்பிடவே மறுத்தது. அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது ஏற்கவில்லை. படம் மறுக்கப்பட்டவரை வேறொரு நாளில் வேறொரு மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டியதாயிற்று. கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? இணையம் மெதுவாக இருந்த இடங்களில் வரிசை நகரவில்லை. தாங்களே பார்த்து ‘இந்தக் கண்ணில் ஒன்றுமில்லை’ என்று சொல்லக்கூடிய செவிலியர்கள் எரிச்சலடைந்தார்கள்.

நம் பக்கத்துக் கண் முகாம்கள் பள்ளிக்கூட வகுப்பறையிலும் கல்யாண மண்டபத்திலும் நடக்கின்றன. ஜன்னலுக்குத் திரை இருக்காது. பங்குனி வெயில் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். எனவே ‘90 சதவீதத்துக்கு மேல் துல்லியம்’ என்று எந்தக் கருவியைப் பற்றிப் படித்தாலும், எந்த அறையில், யார் எடுத்த படத்தில் என்று கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் பாதி விளம்பரங்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும்.

செயலி இல்லாமலும் இறங்கிய இரத்த அழுத்தம்

செயலி தோற்ற ஆய்வுகளைப் பத்திரிகைகள் எழுதுவதில்லை. எனக்கு அவைதான் பிடிக்கும். வென்ற ஆய்வுகளைவிட அதிகம் கற்றுக்கொடுப்பவை.

எம்வெல்கேர் என்று ஒரு பெரிய ஆய்வு, ஹரியாணாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் நடந்தது. முடிவு 2019-ல் வெளியானது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களின் விவரங்களை செவிலியர் கையடக்கக் கணினியில் பதிந்தால், இன்ன மருந்து, இன்ன அளவு என்று அது மருத்துவருக்கு ஆலோசனை சொல்லும். பாதி நிலையங்களில் இந்தச் செயலி. மீதி நிலையங்களில் செயலி இல்லை. ஆனால் அங்கேயும் இந்த நோய்களுக்கென்று செவிலியர், பயிற்சி, சிகிச்சை முறையை விளக்கும் அட்டை எல்லாம் கொடுத்திருந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கத்திலும் நோயாளிகளின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கியிருந்தன. இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

செயலி வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். நோயாளிக்கென்று ஒரு செவிலியர் உட்கார்ந்து, அளவெடுத்து, மறுபடி வரச்சொல்லி, வந்தாரா என்று பார்த்தாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடுகிறது என்று வாசிப்பதுதான் சரி. ஆந்திரத்தின் கிராமங்களில் ஆஷா எனப்படும் ஊர் சுகாதாரப் பணியாளர்கள் கையில் இதுபோன்ற கருவியைக் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்விலும் மருத்துவரைத் தேடிப் போனவர்கள் கூடினார்கள். இரத்த அழுத்தம் கட்டுப்பட்டவர்களின் பங்கு செயலியால் கூடிவிடவில்லை. அளந்து சொல்வதற்கும், மாத்திரை நோயாளியின் கைக்கு வருவதற்கும், வந்த மாத்திரையை அவர் விடாமல் விழுங்குவதற்கும் நடுவே நிறைய இருக்கிறது. அதில் ஒரு துண்டைத்தான் செயலி தொடுகிறது.

இந்த இடத்தில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நினைவுக்கு வருகிறது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போகிறார். கைபேசியில் பதிவும் நடக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தின் பலத்தைத் தேடினால் அது அவர் தோளில் மாட்டிய பையில் இருக்கும், கைபேசியில் அல்ல. பையில் மாத்திரை தீர்ந்துவிட்ட மாதம் பதிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் என்ன?

ஒரு தாள், ஐந்தாறு அளவுகள்

ஆய்வு கொள்கையாக மாறி, பிறகு அன்றாடமாகவும் ஆன எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் வெளியே தேட வேண்டாம். காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறக்கிறார்கள். மருந்து இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் மிக மோசமான நிலையில் வந்தவரை மற்றவர்களோடு சேர்த்து ஒரே மாதிரி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அவர் பிழைப்பதில்லை.

சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து 2022-ல் ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியபோது, ஆடம்பரமான கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. நோய் உறுதியானவுடன் சுகாதாரப் பணியாளர் சில அளவுகளைப் பார்க்கிறார். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஆய்வகம் வேண்டாம். மருத்துவர்கூட உடனே வேண்டாம். எல்லாம் ஒரு தாளில் அடங்கும். ஆபத்து என்று தெரிந்தால் அன்றைக்கே மேல் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே படுக்கையும் சத்துணவும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். இந்த விவரங்களை ஏற்றுவதற்கு ‘டிபி சேவா’ என்ற இணையச் செயலி.

வரிசையைக் கவனியுங்கள். முதலில், எந்த இறப்பைத் தடுக்கலாம் என்ற கணக்கு. அடுத்து, கிராமத்துப் பணியாளரால் செய்ய முடிகிற அளவுகள். பிறகு, அனுப்பிவைத்தால் ஏற்றுக்கொள்ள ஒரு படுக்கை. இவை இருப்பதால்தான் செயலியில் ஏறும் எண்ணுக்கு ஒரு அர்த்தம் வருகிறது: நேற்று இந்த வட்டாரத்தில் மூன்று பேர் ஆபத்தில் என்று தெரிந்தது, இருவர்தான் சேர்க்கப்பட்டார்கள், மூன்றாமவர் எங்கே என்று மாவட்ட அலுவலர் மறுநாளே கேட்க முடியும். பல திட்டங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. செயலியைச் செய்து முடித்துவிட்டு, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஊர் ஊராகத் தேடுகிறார்கள்.

யாருடைய கைபேசி?

இனி நம் வீட்டுக்கு வருவோம். பள்ளத்தூர் ஆச்சி ஒரு கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் செட்டிநாட்டில் அவரைத் தெரியாதவர்கள் யார்? முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் வீடு. மூத்த மகன் சிங்கப்பூரில், இளையவன் சென்னையில். ஆச்சியிடம் பொத்தான் கைபேசி. வளவில் நின்றால் சிக்னல் ஒரு கோடு, இரண்டாம் கட்டில் அதுவும் கிடையாது.

அவருக்கு ஆபா எண் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஒவ்வொருவருக்கும் தரும் 14 இலக்க எண் அது, கட்டாயமில்லை. ஆதாரைக் கொண்டு பதிந்தால் ஓடிபி வரும். எங்கே வரும்? ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு. அது அம்பத்தூர் அலுவலகத்தில் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இளைய மகனின் பையில். அவர் கைபேசியை எடுத்துப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. செவிலியர் முகப்பில் நிற்கிறார், அடுத்த வீட்டில் தடுப்பூசிக்குக் குழந்தை காத்திருக்கிறது.

மகனின் இதே கைபேசி எண்தான் மாத்திரை நினைவூட்டலுக்கும் பதியப்பட்டிருக்கும். ‘அம்மா, இன்றைக்குப் பிரஷர் மாத்திரை போட்டீர்களா?’ என்று அம்பத்தூரில் ஒரு கைபேசி தினமும் கேட்டுக்கொண்டே இருக்கும். அறிக்கையில் ‘செய்தி சென்றடைந்தது’ என்று ஒரு டிக் விழும். ஆய்வாளர்கள் இதைச் சென்றடைவு என்று எண்ணி, எத்தனை பேரைத் தொட்டது என்று பெருமையாகச் சொல்வார்கள்.

இதே சிக்கல் உழைப்பாளி வீடுகளில் வேறு உருவில் வரும். வீட்டுக்கு ஒரே கைபேசி, அது கணவர் சட்டைப்பையில். கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒரு முறை குரல் அழைப்பில் அறிவுரை சொல்லும் கில்காரி என்ற திட்டம் பீகாரில் தொடங்கி 2016-லிருந்து தேசியத் திட்டமாக நடக்கிறது. யாருடைய கைபேசி, யார் எடுக்கிறார், முழுதும் கேட்கிறாரா என்பதே அதை ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் மோதிய சுவர்.

ஆச்சிக்கு எது உதவும்? மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. நோயாளி தன் கைபேசியிலிருந்து தானே மருத்துவரை அழைப்பது ஒன்று. துணை சுகாதார நிலையத்தில் பணியாளர் பக்கத்தில் இருக்க, திரையில் மருத்துவரைப் பார்ப்பது இன்னொன்று. பேரனுக்கு முதல் வழி பொருந்தும், ஆச்சிக்கு இரண்டாவது. ‘மருத்துவர் கேட்கிறாங்க ஆச்சி, எப்போதிலிருந்து தலை சுற்றுது?’ என்று சத்தமாகத் திருப்பிச் சொல்ல ஒருவர் வேண்டும். திட்டத்தின் செலவில் அவருடைய சம்பளத்தைச் சேர்க்காமல் தொலைமருத்துவம் மலிவு என்று சொல்வதெல்லாம் காகிதக் கணக்கு.

செவிலியரின் நேரம் என்பது இந்தத் துறையில் மிகவும் குறைவாகப் பேசப்படும், மிகவும் விலையுயர்ந்த பொருள். ஒரே தகவலைப் பதிவேட்டிலும் எழுதி, இணையதளத்திலும் ஏற்றி, மாத அறிக்கையிலும் கூட்டிப்போடுவது கிராம சுகாதார செவிலியர்களின் நெடுநாள் குறை. புதிய செயலி வருகிறது, பழைய பதிவேடு போவதில்லை. இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி 2017-ல் தொடங்கி, பிறகு பல மாநிலங்களில் பயன்படுத்திய ‘சிம்பிள்’ என்ற செயலி இதைப் புரிந்துகொண்டு செய்யப்பட்டது. இரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, அடுத்து வரவேண்டிய நாள். கிட்டத்தட்ட அவ்வளவுதான் கேட்கும். பதிலுக்கு, வரவேண்டிய நாளில் வராதவர்கள் யார் யார் என்ற பட்டியலைச் செவிலியருக்கே எடுத்துக் கொடுக்கும். அவர் போன் போட்டுக் கூப்பிடலாம். பதிந்தவருக்கே பதிவால் ஒரு பயன்.

பதிவேடு ஏன் நிலைக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே பழைய பாடம் இருக்கிறது. நகரத்தார் ஒன்பது கோயில்களும் வைத்திருக்கும் புள்ளிக் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. பர்மா, மலேயா என்று எங்கே போய்க் கடை போட்டாலும் அந்தக் கணக்கு அறுந்துபோகவில்லை. யாரும் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி வாங்கிய தகவல் அல்ல அது. கோயில் மாலை வந்தால்தான் கல்யாணம். மாலை வேண்டுமென்றால் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டின் கர்ப்பிணிகள் பதிவான பிக்மியும் இதே வழியில் நிலைபெற்றது. அந்தப் பதிவு எண் இருந்தால்தான் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் அந்தப் பதிவு வேண்டும். (இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான முத்துலட்சுமி, பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர்.) தகவல் கொடுப்பவருக்குக் கையில் ஏதாவது கிடைக்கும் பதிவேடு பிழைக்கிறது. மேலே இருக்கிறவர்களுக்கு மட்டும் பயன்படும் பதிவேடு, ஆய்வுப் பணம் தீர்ந்ததும் படுத்துக்கொள்கிறது.

அரசாணை வரை

முன்னோட்டத் திட்டம் என்று ஒன்றிரண்டு வட்டாரங்களில் ஏதாவது ஒரு செயலி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று முடியும் முன்னே இன்னொன்று வரும். உகாண்டாவில் இது எல்லை மீறிப் போய், 2012 ஜனவரியில் அந்நாட்டு சுகாதார அமைச்சகம் புதிய மின்னணு சுகாதாரத் திட்டங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்லி உத்தரவிட்டது. ஒன்றோடொன்று பேசாத, ஒரே பணியாளரின் முதுகில் ஏறிய எத்தனையோ செயலிகள். அந்த உத்தரவை நான் முரட்டுத்தனம் என்று சொல்லமாட்டேன்.

முன்னோட்டம் கொள்கையாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள விழாவையும் விளம்பரப் பலகையையும் பார்த்துப் பயனில்லை. அரசாணை இருக்கிறதா, வரவுசெலவில் தனித் தலைப்பு விழுந்ததா, செவிலியரின் பணிப் பட்டியலில் எழுதப்பட்டதா, புதிதாகச் சேர்பவருக்கான பயிற்சியில் இடம்பெற்றதா, பழைய பதிவேட்டை நிறுத்தலாம் என்று எழுத்தில் வந்ததா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக அரிதாக நடக்கும். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் வெளியிட்ட டிஜிட்டல் சுகாதார வழிகாட்டுதலில் எதையும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கவில்லை. மருந்து இருப்பைக் கைபேசி வழியே தெரிவிப்பது, தொலைமருத்துவம், பணியாளருக்கு முடிவெடுக்க உதவும் கருவி என்று சிலவற்றை எடுத்துக்கொண்டு, பெரும்பாலானவற்றுக்கும் இன்ன நிலைமை இருந்தால் செய்யலாம் என்ற நிபந்தனையோடுதான் ஒப்புதல் கொடுத்தது.

தகவல் பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சம்மதம் வாங்காமல் ஒருவரின் விவரத்தைக் கையாளக்கூடாது என்பது அதன் அடிப்படை. ஆனால் சிறிய ஊரில் இரகசியம் கசிவது பெரும்பாலும் சர்வரில் அல்ல, திண்ணையில். காசநோய் என்று முகப்பில் நின்று உரக்கக் கேட்டுப் பதிந்தால், வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் நிலைமை என்ன ஆகும் என்று செவிலியருக்குத் தெரியும், செயலி செய்தவருக்குத் தெரியாது. அவர் குரலைத் தாழ்த்தி உள்ளே போய்க் கேட்பது எந்த மென்பொருளிலும் எழுதப்படாத பாதுகாப்பு.

கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இந்தச் சீமையில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கொடையில் எழும்பியவை. இன்றைக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு ஏதாவது செய்ய நினைக்கிறார்கள். கருவி வாங்கிக் கொடுப்பதுதான் முதலில் தோன்றும். பெயர் பொறிக்க இடம் இருக்கும், படமெடுக்க வசதியாக இருக்கும். கையடக்கக் கணினிகள், கண் படமெடுக்கும் கருவி, ஈசிஜியைத் தொலைவுக்கு அனுப்பும் பெட்டி.

யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது என்பார்கள். சர்க்கரை பார்க்கும் கருவியின் விலை கொஞ்சம்தான்; மாதா மாதம் வேண்டியிருக்கும் ஸ்ட்ரிப்புதான் செலவு. கையடக்கக் கணினியின் பேட்டரி சில ஆண்டுகளில் உப்பிப்போகும், இணையத்துக்கு மாதம்தோறும் ரீசார்ஜ் செய்ய வேண்டும், திரை உடைந்தால் மாற்றுவதற்கு எந்த நிதியில் இடம் என்று மருத்துவ அலுவலருக்கே தெரியாது. எனவே கருவியின் விலையைக் கேட்டு காசோலை எழுதும் முன், ஐந்து ஆண்டுகளுக்கு அதை ஓட்டுவதற்கு என்ன ஆகும் என்று கேட்டு, அந்தத் தொகையை முதலில் ஒதுக்குங்கள். மிச்சம் இருந்தால் கருவி வாங்கலாம். இன்னும் நல்லது, செவிலியரிடமே நேரில் போய்க் கேட்பது: ‘நாங்கள் இதைக் கொடுத்தால் உங்களுக்கு எந்த வேலை குறையும்?’ ஒன்றும் குறையாது என்று அவர் சொன்னால், பணத்தை வைத்து ஒரு பகுதிநேரத் தரவுப் பதிவாளரையோ, நோயாளிகளைக் கூப்பிட்டு நினைவூட்ட ஒரு பெண்ணையோ நியமிக்க முடியுமா என்று மாவட்ட சுகாதார அலுவலரிடம் பேசலாம். அதில் பெயர்ப்பலகை வைக்க இடமிருக்காது.

கொடை கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. நம் துணை சுகாதார நிலையத்தில் இப்போது எத்தனை செயலிகளில் பதிய வேண்டியிருக்கிறது, அவற்றில் எந்தப் பதிவேட்டை நிறுத்தலாம், முதியவர்களின் பெயருக்கு எதிரே இருப்பது அவர்களுடைய சொந்த எண்ணா பிள்ளைகளின் எண்ணா என்று அங்கே கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். எண்ணைச் சரிபார்த்துத் திருத்துவதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.